நிமிர்ந்த படம்

எல்லாப் படத்திலும் அம்மா குனிந்துதான் இருக்கிறாள். இதைக் கண்டுபிடிக்க ஜெபராணிக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. அம்மா பெற்ற மூன்று பேருக்கு ஐம்பது வருஷம் போதவில்லை. "ஒண்ணுகூட நிமிர்ந்தது இல்லையே சார்," என்கிறாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையால் மவுஸை நகர்த்திக்கொண்டு, மறு கையால் பொட்டலத்திலிருந்து சுண்டல் தின்றுகொண்டு. பாளையங்கோட்டையில் அவள் வேலை பார்க்கிற ஃபிளெக்ஸ் கடை, மதியம் இரண்டரை மணி, ஏசி என்ற பேரில் ஒரு பெட்டி தலைக்கு மேலே இருமிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பதினாறாம் நாள். அன்றைக்குப் படத்திறப்பு. படமே இல்லாமல் எதைத் திறப்பது? வீட்டிலேயே படித்தவன் என்று என்னை அனுப்பியிருக்கிறார்கள். படித்தவன் போய் நின்றால் வேலை சுத்தமாக நடக்கும் என்பது அண்ணன் தவசிக்கனியின் நம்பிக்கை. அவனுக்கு இப்படி நிறைய நம்பிக்கைகள் உண்டு. ஆலங்குளத்தில் சிமெண்டும் கம்பியும் விற்கிறவனுக்கு நம்பிக்கைக்கு என்ன குறைச்சல். அம்மா இறந்த மறுநாளே 'சொர்ணக்கனி வாரிசுகள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து, பேரன், பேத்தி, மருமகன், சித்தப்பா வீட்டு ஆட்கள் என்று நாற்பத்தொரு பேரைச் சேர்த்துவிட்டான். உயிரோடு இருந்தபோது அவளைப் பார்க்க மாசத்துக்கு ஒருத்தர் வந்தால் அதிசயம். இப்போது நிமிஷத்துக்கு ஒரு கும்பிடு, ஒரு அழுகிற பொம்மை, ஒரு ரோஜாப்பூ. போன் என் சட்டைப் பையில் துடித்துக்கொண்டே இருக்கிறது.

என் வாட்ஸ்அப்பை அவள் திரையில் திறந்துவைத்திருக்கிறோம், படங்கள் வந்து விழுந்தபடி இருக்கின்றன. அண்ணன் மகள் சடங்கு வீடு: மாமன்மார் வரிசையாக மாலை போட்டு நிற்க, ஓரத்தில் அம்மாவின் உச்சந்தலையும் நடுவகிடும். அக்கா ஜெயக்கொடியின் கல்யாணம்: பட்டுச்சேலை கட்டி, மடியில் பீடித்தட்டு வைத்து, பெண்ணின் தாய் பந்தல் காலோரம் இலை வெட்டிக்கொண்டிருக்கிறாள். போட்டோக்காரன் எதற்கு அதை எடுத்தானோ, வேடிக்கையாக இருந்திருக்கும். பேரன் மொட்டை, பொங்கல், சித்தப்பா வேலைக்குப் போன நாள், எல்லாவற்றிலும் மற்றவர்கள் பல்லைக் காட்டுகிறார்கள், அவள் குனிந்திருக்கிறாள். "இதுல மூக்கு தெரியுது," என்று ஜெபராணி ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினாள். மூக்கை மட்டும் திறந்துவைக்க முடியாது. அண்ணன் வாசகமும் எழுதி அனுப்பியிருந்தான், ஒரு நோட்டுத் தாளில், கடைசி எழுத்தை எல்லாம் சுழித்து. ஆயிரம் பீடி சுற்றி ஆளாக்கிய தாயே, ஆயிரம் கோடி வணக்கம் உனக்கே. கடைக்குள் வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்த இரண்டு வரியையும் பேனாவால் அடித்ததுதான். "வேண்டாங்களா சார்?" என்றாள். நீளமாக இருக்கிறது, எதுகை மோனை சகிக்கவில்லை, 'அன்புத் தெய்வம்' என்று மட்டும் போடுங்கள் என்றேன். அவள் அப்படியே தட்டினாள். எதுகை மோனைக்காக அடித்தேன் என்று நானே ஒரு பத்து நிமிஷம் நம்பிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை படத்தைத் திறக்கப்போவது எங்கள் கல்லூரி முதல்வர். நான்தான் அழைத்தேன். திறந்த பிறகு படம் என் வீட்டுக்கு வருகிறது. "உன் வீட்டு ஹால்லதான்ல சுவரு பெருசு. நம்ம வீட்டுல காலண்டரு மாட்டவே எடம் இல்ல," என்று அண்ணன் முடிவு செய்துவிட்டான். ஆக, இனி என் சாவுவரைக்கும் அந்தச் சுவரில் அம்மா இருப்பாள். எந்த அம்மா என்பதை இந்தக் கடையில், இந்த மதியத்தில் நான் சொல்லியாக வேண்டும். நிமிர்ந்த படம் ஒன்று இருக்கிறது. குழுவில் யாருக்கும் தெரியாது. என் போனில், இரண்டு வருஷமாக, அழிக்காமல், யாருக்கும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அதைக் கொடுக்கப்போவதில்லை.

நிமிர்ந்தால் நாலு பீடி போச்சு என்பாள். அதுதான் அவளுடைய கடிகாரம். வாசலில் யார் வந்து நின்றாலும் நிமிர மாட்டாள், கால் சத்தத்தில் ஆளைத் தெரிந்துகொள்வாள். "துரை, சட்டைய எங்கல கிழிச்ச?" என்று கேட்பாள், நான் கையால் பொத்திக்கொண்டு நுழையும்போது, அவள் கண் தட்டில் இருக்கும், விரல் இலையைச் சுருட்டும், நூல் சுற்றும், வீசும், அடுத்த இலையை எடுக்கும். எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலை நிமிராமலே அந்த வீட்டை ஆண்டாள். அடுப்பில் பால் பொங்குவது, சித்தப்பாக்கள் இரண்டு பேரும் பரீட்சைக்குப் படிக்காமல் தாயக்கட்டை உருட்டுவது, அக்கா கண்ணாடி முன்னால் கூடுதல் நேரம் நிற்பது எல்லாம் அந்த உச்சந்தலைக்குத் தெரியும். கொழுந்தன்மார் இரண்டு பேரையும் வேலைக்கு அனுப்பி, கல்யாணம் செய்துவைத்து, அவர்கள் பிள்ளைகளுக்குப் பேர் வைத்து, எங்கள் மூன்று பேரையும் கரை சேர்த்தது அந்தக் குனிந்த தலைதான். இத்தனைக்கும் அப்பா என்ற ஒரு மனிதரும் வீட்டில் இருந்தார். கம்பெனியில் சரியில்லை என்று கழித்துத் திருப்பிக் கொடுக்கிற பீடியை எல்லாம் குடிப்பது அவருடைய வேலை. அந்த வேலையை ஒரு நாளும் லீவு போடாமல் செய்து, நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு வந்த கூட்டத்தில், எவ்வளவு நல்ல மனுசன் என்று அழுதார்கள். குடிக்கிறவனை நல்ல மனுசன் என்றும் சுற்றுகிறவளைத் தெய்வம் என்றும் சொல்வதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூச்சமே கிடையாது. தெய்வம் என்று சொல்லிவிட்டால் சௌகரியம். தெய்வத்துக்கு முதுகு வலிக்காது. தெய்வத்தைக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வா என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் சொன்னேனா? சொல்லவில்லை. அவளைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறையும், அவ்வளவு பிரியம், ஆனால் சொல்லவில்லை.

தலை மடக்குவது என் வேலையாக இருந்தது. சுற்றிய பீடியின் வாயைச் சின்ன இரும்பால் உள்ளே தள்ளி மூட வேண்டும், சின்ன விரல்களுக்கு அது நன்றாக வரும். ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, யாருல பீடி குடிச்சிட்டு வந்தது என்றார். வகுப்பு சிரித்தது. வீட்டுக்கு வந்து இனிமேல் தொட மாட்டேன் என்றேன். "சரிய்யா, நீ படி," என்றாள், நிமிராமல். அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. அக்கா எனக்கும் சேர்த்து மடக்கினாள். அக்கா பத்தாம் வகுப்பில் தவறியதற்கு அவள் மண்டையில் ஒன்றும் இல்லாததுதான் காரணம் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு வசதியான நினைப்பு. பிறகு நான் படித்தேன், பொருளாதாரம் படித்தேன், முனைவர் ஆனேன். அமைப்புசாரா தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு. நாலாவது அத்தியாயம் பீடி சுற்றும் பெண்கள். அதில் ஒரு அட்டவணையில் வயது ஐம்பத்திரண்டு, படிப்பு இல்லை, நாளொன்றுக்கு ஆயிரம், முதுகுத்தண்டு வலி உண்டு என்று ஒரு பெண் வருகிறாள், பதினேழாம் எண். நன்றியுரையில் வழிகாட்டி, வழிகாட்டியின் மனைவி, நூலகர், தட்டச்சு செய்தவர் எல்லோரும் வந்த பிறகு கடைசி வரியில் 'என் பெற்றோருக்கும்' என்று இருக்கிறது. அந்த 'உம்'மில் அம்மா இருக்கிறாள், கழிவுப் பீடி குடித்தவரோடு சேர்ந்து. இப்போதும் வகுப்பில் உழைப்பின் மதிப்பு என்று முக்கால் மணி நேரம் பேசுகிறேன். பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள். என்னைப் போன்ற ஆளைக் கண்டால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நான் அண்ணனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன், அவன் எழுதின எதுகையை.

"ஆதார் கார்டு இருக்குல்லா சார், அதுல இருந்து மூஞ்சிய எடுத்துருவோம்," என்கிறாள் ஜெபராணி. எடுக்கிறாள். ஆதார் போட்டோவில் எந்த நல்லவன் நல்லவனாக இருந்தான். அம்மா அதில் யாரோ கூப்பிட்டு மிரட்டியதைப் போல விழிக்கிறாள். ஜெபராணி அசரவில்லை. ஒரு ஃபோல்டரைத் திறக்கிறாள், உள்ளே வரிசையாக உடம்புகள். தலை இல்லாத பெண்கள், பட்டுச்சேலை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு. லேடி பாடி ஒன்று, லேடி பாடி இரண்டு. மொத்தம் இருபத்தாறு. "மெரூன் எடுக்கட்டா, பச்சையா? வயசானவங்களுக்குப் பச்சை எடுப்பா இருக்கும்." இந்த ஊரில் செத்த பெண்கள் எல்லோரும் கடைசியில் இந்த இருபத்தாறு உடம்புகளுக்குள் போய்ச் சேருகிறார்கள் போலிருக்கிறது. பதினான்காம் உடம்பு அம்மாவுக்கு. கழுத்தில் காசுமாலை முளைத்தது, மூக்கில் இரண்டு பக்கமும் கல், நரை ஒழுங்காக வாரப்பட்டது. குழுவுக்கு அனுப்பினாள். அண்ணனின் குரல் வந்தது, கடை முழுக்கக் கேட்கும்படி: "ஏ துரை, சூப்பரா இருக்குல. கண்ணுல மட்டும் கொஞ்சம் சாந்தம் வேணும்னு சொல்லு. அம்மா கண்ணு சாந்தமாத்தான இருக்கும்." அவனுக்கு அம்மாவின் கண் எப்படி இருக்கும் என்று தெரியாது. யாருக்கும் தெரியாது. மூக்குத்தி போட்டுத் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று அவள் ஒரு காலத்தில் ஆசைப்பட்டதை அக்கா சொல்லித்தான் தெரியும், அன்றைக்கு வாங்கிக் கொடுக்காத அண்ணன் இன்றைக்கு இரண்டு பக்கமும் குத்தியதைச் சூப்பர் என்கிறான், இலவசம்தானே. அக்காவின் குரல் அடுத்தது, அழுகை மட்டும், முப்பது விநாடி. நான் அந்தத் திரையைப் பார்த்தேன். முகத்தைக்கூடச் சகித்துக்கொள்வேன். மடியில் இருந்த கைகள்தான். வெள்ளையாக, கொழுகொழு என்று, நகத்துக்குச் சாயம் பூசி, ஒன்றின் மேல் ஒன்றாகச் சும்மா கிடந்தன. யாரோ ஒருத்தியின் கை. வலது பெருவிரல் நகம் பாதிக்குமேல் தேய்ந்துபோன கையை நாற்பது வருஷம் பார்த்தவன் நான். இந்தக் கைக்கு முன்னால் உட்கார்ந்து எப்படிச் சோறு தின்பது. போனை எடுத்தேன், உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

என் வீட்டுப் புதுமனை புகுவிழா அன்று எடுத்த படம் அது. இரண்டு வருஷம் முந்தி. ஒரு வாரம் முன்னாலேயே போன் செய்து, அம்மா, தட்டை எடுத்துக்கிட்டு வராண்டாம், காலேஜ் ஆள்கள் எல்லாம் வாராங்க என்று சொல்லியிருந்தேன். "சரிய்யா," என்றாள். அதே சரிய்யா. நீலச்சேலை கட்டி, வெறுங்கையோடு வந்து, ஹாலில் புது சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள், முழுசாக உட்காராமல். கைக்கு வேலை இல்லை. விரல் சும்மா இருக்குமா, முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்த்தேன். முதல்வர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், மரியாதைக்காரர், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கலாம் என்று போனைத் தூக்கினேன். "அம்மா ஊர்ல என்ன பண்றாங்க?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "விவசாயம் சார். கொஞ்சம் நிலம் இருக்கு," என்றேன். வாய் அதுவாகச் சொன்னது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், வாய் அதுவாகச் சொல்லவில்லை, அன்று காலையிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அம்மா நிமிர்ந்தாள். யார் வந்தபோதும் நிமிராதவள், அப்பா பிணத்தை வாசலில் இறக்கியபோதுகூடக் கையில் இருந்த பீடிக்கு நூலைச் சுற்றி முடித்துவிட்டு எழுந்தவள், முழுசாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் பரவாயில்லை, அம்மா கோபம் எனக்குப் பழக்கம். வருத்தமும் இல்லை. கம்பெனியில் அவள் கட்டைப் பிரித்துக் கழிவு பொறுக்கும்போது கணக்கப்பிள்ளை பார்ப்பானே, இது தேறுமா தேறாதா என்று, அந்தப் பார்வை. என் விரல் அழுத்திவிட்டது. எவ்வளவு நேரம் இருக்கும், நாலு பீடி நேரம்கூட இல்லை. அப்புறம் குனிந்துகொண்டாள். சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். செருப்பை மாட்டக் குனிந்தபடியே கேட்டாள்: "நம்ம நெலத்துல இந்தத் தடவ என்னய்யா போட்டிருக்கோம்?" பதிலுக்கு நிற்கவில்லை, ஏறிவிட்டாள். அதற்குப் பிறகும் எனக்குப் பிடிக்கும் என்று உளுந்தங்களி கிண்டி அனுப்பினாள், பேரனுக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு பஸ் மாறி வந்தாள், முன்பு போலத்தான் இருந்தாள். என் வீட்டுக்குத் தட்டை மட்டும் எடுத்து வரவே இல்லை. வந்தால் பூண்டு உரித்தாள், கீரை ஆய்ந்தாள், துணி மடித்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் எப்படியாவது பேசியிருக்கலாம். நாளைக்குப் பேசலாம் என்று இரண்டு வருஷம் போனது, ஒரு காலையில் அண்ணன் போன் செய்தான்.

"இதைப் பாருங்க," என்று போனை நீட்டிவிட்டேன். ஜெபராணி சுண்டலைக் கீழே வைத்தாள். "என்ன சார் நீங்க. இவ்வளவு அருமையான படத்தைக் கையில வச்சிக்கிட்டா என்னை இந்தப் பாடு படுத்துனீங்க," என்றாள். திரையில் போட்டதும் அம்மா மேசை அகலத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில். ஓரத்தில் முதல்வரின் தோள். தோளை வெட்டினாள். பிறகு முகத்தைப் பெரிதாக்கினாள். "யாரையோ முறைக்காங்களோ?" என்றாள். நான் ஏசியைப் பார்த்தேன். "அது ஒண்ணும் இல்ல சார், இறக்கிறலாம்," என்று புருவத்தை ஒரு நூல் தாழ்த்தினாள், கண்ணுக்குள் ஏதோ வெளிச்சம் வைத்தாள், வாயோரத்தைத் துளி தூக்கினாள். இரண்டு நிமிஷ வேலை. அம்மா சாந்தமாகிவிட்டாள். கேட்காமலே குழுவுக்கும் அனுப்பிவிட்டாள். போன் துடித்தது. அண்ணன்: "இதுதாம்ல அம்மா! எங்க வச்சிருந்த இதை? கண்ணுல என்ன ஒரு சாந்தம்." அக்கா: "அம்மா என்னயப் பாத்தே சிரிக்கா துரை." நாற்பத்தொரு பேரும் கும்பிட்டார்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. உடம்பே லேசானது. இந்த முகம் என் சுவரில் இருக்கும், நான் சாப்பிடும்போது பார்த்துக்கொண்டிருக்கும், தினமும் என்னை மன்னிக்கும், கேட்காமலே மன்னிக்கும். ஞாயிற்றுக்கிழமை முதல்வர் திரையை இழுத்து, விவசாயப் பெருங்குடியில் பிறந்த அம்மையார் என்று நாலு வார்த்தை பேசுவார், ஊர்க்காரர்கள் அவர் பெரிய மனிதர் என்று திருத்தாமல் இருப்பார்கள், நான் கைகட்டி நிற்பேன். யாருக்குத் தெரியப்போகிறது. அம்மா உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னிடம் ஒன்று சொன்னாள், அதையும் வாயோரம் துளி தூக்கி அழித்தாயிற்று. கழிவை நல்ல கட்டுக்குள் திணித்துக் கொடுப்பவர்களை அம்மாவுக்குப் பிடிக்காது. கம்பெனியில் பிரித்துப் பார்த்தால் தெரியாதா, கை கூசாதா என்பாள், திட்டமாட்டாள், அவ்வளவுதான் சொல்வாள். அண்ணனை, அக்காவை, அப்பாவை, ஊரை, இந்த ஃபிளெக்ஸ் கடையை, இந்த இருபத்தாறு உடம்புகளை, மதியத்திலிருந்து எல்லோரையும் மனசுக்குள் கழித்துப் போட்டுக்கொண்டே வந்தேன். அம்மா இவர்கள் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. கடைசி வரை அவள் கழித்தது ஒன்றே ஒன்றுதான்.

"பழையபடி மாத்துங்க," என்றேன். ஜெபராணி திரும்பினாள். "எதை சார்?" "கண்ணை. வாயை. இருந்தபடியே இருக்கட்டும்." "எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்களே." "சொல்லட்டும்." "விசேஷ வீட்ல வாரவங்களை முறைச்ச மாதிரி இருக்கும் சார். சொல்லுதேன்னு தப்பா நினைக்காதீங்க." "வாரவங்களை இல்லம்மா. என்னைத்தான்." அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், என்ன புரிந்ததோ, கேட்காமல் விசையைத் தட்டினாள். வாயோரம் இறங்கியது. வெளிச்சம் போனது. புருவம் தன் இடத்துக்கு ஏறியது. அம்மா வந்துவிட்டாள். கை தெரிகிற மாதிரி வெட்டச் சொன்னேன், முந்தானை நுனி சுருண்டிருப்பது தெரிகிற மாதிரி. பிறகு மேசையில் கிடந்த நோட்டுத் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். "அண்ணன் எழுதின வரியையும் போட்டுருங்க." "எது, நீங்க அடிச்சதா?" "அதேதான். ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்." ஆயிரம் பீடி சுற்றி என்று அவள் தட்ட ஆரம்பித்தாள், பெரிய எழுத்தில், சிவப்பில். முதல்வர் கண்ணாடி போடாமலே படிக்கலாம். எனக்குப் பயமாக இருந்தது, ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் மூக்கை உறிஞ்சியபோது இருந்த மாதிரியே. "எங்க சார் மாட்டுவீங்க? அதுக்குத் தக்கனதான் சைஸ்," என்றாள். நான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே என்றேன். அப்படியானால் சின்னதே போதும், பக்கத்தில் தெரியும் என்றாள். பெரிதாகவே போடச் சொன்னேன்.